அரை மணி நேரமும் ஒரு கேரம் போர்டும்

1918ஆம் ஆண்டு பெரம்பூர் பக்கிங்ஹாம், கர்நாட்டிக் ஆலைகளின் தொழிலாளர்கள் தொழிற்சங்க முன்னோடி பி.பி. வாடியாவிடம் குறைகளைக் கொட்டியபோது, கூலியோடு சேர்ந்து முன்வரிசையில் நின்றது சாப்பாட்டு நேரம். மதியம் அரை மணிதான் கொடுத்தார்கள். அதற்குள் தறியை விட்டு வெளியே வந்து, கை கழுவி, தூக்கைத் திறந்து, சாப்பிட்டு, மறுபடி கேட்டுக்குள் நுழைந்துவிட வேண்டும். 1911ஆம் ஆண்டுச் சட்டம் பஞ்சாலைகளில் ஒரு நாளைக்குப் பன்னிரண்டு மணி நேரம் வரை வேலை வாங்க இடம் கொடுத்திருந்த காலம் அது. செல்வபதி செட்டியாரும் ராமானுஜலு நாயுடுவும் முன்னின்று பேசி, அந்த ஆண்டு ஏப்ரல் 27 அன்று சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவானது. இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கம் என்று அதைச் சொல்வது வழக்கம். அது பெற்றுத்தந்த முதல் வெற்றிகளில் ஒன்று, முப்பது நிமிடத்தை நாற்பதாக்கியது.

அந்தப் பத்து நிமிடத்தை யாரும் விளையாடுவதற்காகக் கேட்கவில்லை; சோற்றை மென்று விழுங்கத்தான் கேட்டார்கள். ஆனாலும் வேலையிடத்தில் கிடைக்கும் இடைவேளை முழுவதும் சாப்பாட்டுக்கே போய்விடுவதில்லை. வேகமாகச் சாப்பிடுகிறவருக்கு மணியடிக்கும்வரை கொஞ்ச நேரம் கையில் மிஞ்சும். தூங்கினால் எழ முடியாது, வெளியே போனால் திரும்ப முடியாது. அந்த மிச்ச நேரத்தில் என்ன ஆடலாம் என்ற கேள்விக்குத் தமிழ்நாட்டு ஆலைகளும் அலுவலகங்களும் இருபதாம் நூற்றாண்டில் கண்டுகொண்ட விடை, நான்கு மூலையிலும் ஓட்டை போட்ட ஒரு சதுரப் பலகை.

அதற்கு முன்னால் என்ன இருந்தது என்று பார்க்க, பழைய கோயில் மண்டபம் ஒன்றில் குனிந்து தரையைப் பார்த்தால் போதும். தூணோரமாக, நிழல் விழும் பக்கமாக, ஆடுபுலி ஆட்டத்துக்கான முக்கோணக் கோடுகளும் தாயக் கட்டங்களும் பல்லாங்குழிக்கான குழி வரிசைகளும் கல்லிலேயே வெட்டப்பட்டிருக்கும். வெட்டியவர் யார் என்று எந்தக் கல்வெட்டும் சொல்லாது. கையில் உளியும் முன்னால் கல்லும் வெயில் தாழும்வரை சும்மா இருக்க நேரமும் யாருக்கு இருந்தது என்று யோசித்தால், கல்தச்சர்கள் மேல்தான் சந்தேகம் விழுகிறது. பலகை கல். காய்களுக்குக் கூழாங்கல், புளியங்கொட்டை, சோழி. தொலைந்தால் குனிந்து இன்னொன்றைப் பொறுக்கிக்கொள்ளலாம். கீழடியில் சுடுமண் ஆட்டக்காய்களும் பகடைகளும் மண்ணுக்கடியிலிருந்து முழுசாக வந்ததை நினைத்தால், நீடித்து உழைக்கும் விளையாட்டுச் சாமான் இந்த ஊருக்குப் புதிதல்ல.

ஆலைத் தரையில் அப்படியெல்லாம் கீற முடியாது. இடைவேளை என்பது சட்டத்தின் கையில் இருந்தது. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம்தான் அதற்கு ஓர் உருவம் கொடுத்தது. ஐந்து மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து வேலை வாங்கக் கூடாது, நடுவில் குறைந்தது அரை மணி ஓய்வு தர வேண்டும் என்றது அதன் 55ஆம் பிரிவு. 250 பேருக்கு மேல் வேலை செய்தால் கேன்டீன். 150 பேருக்கு மேல் இருந்தால் ஓய்வறையும், வீட்டிலிருந்து கொண்டுவந்ததை உட்கார்ந்து சாப்பிட ஓர் அறையும். 500 பேர் இருந்தால் நல அலுவலர். விளையாட்டைப் பற்றி இந்தப் பிரிவுகளில் ஒரு சொல் இருக்கவில்லை. ஆனால் ஓர் அறை, அதில் பெஞ்சுகள், அரை மணி நேரம், தொழிலாளர் நலத்துக்கு ஏதாவது செய்து காட்ட வேண்டிய ஓர் அதிகாரி, இத்தனையும் ஒன்றுசேர்ந்தால் அடுத்து வாங்கும் சாமான் என்னவாக இருக்கும்? ரயில்வே குடியிருப்புகளின் இன்ஸ்டிடியூட்டுகளும் அரசு அலுவலகங்களின் பொழுதுபோக்கு மன்றங்களும் அதையேதான் வாங்கின.

சீட்டுக்கட்டு ஏன் அந்த இடத்தைப் பிடிக்கவில்லை என்று கேட்கலாம். விலை குறைவு, பைக்குள் அடங்கும், நான்கு பேர் ஆடலாம். அரக்கோணத்திலிருந்து வரும் மின்சார ரயிலில் மடியில் துண்டை விரித்துச் சீட்டாடிக்கொண்டே பேசின் பிரிட்ஜ் வரை வந்து சேர்ந்த தலைமுறைகள் உண்டு. ஆனால் சென்னைக் காற்றில் கட்டு சீக்கிரமே பிசுபிசுத்துவிடும். ஒரு சீட்டு கிழிந்தால் மீதி ஐம்பத்தொன்றும் வீண். இவற்றைவிடப் பெரிய தொல்லை காசு. சீட்டு இருக்கும் இடத்தில் பணம் வைத்து ஆடுவார்கள் என்ற சந்தேகம் நிர்வாகத்துக்கு எப்போதும் இருந்தது. அதற்குத் துணையாக 1930ஆம் ஆண்டு சென்னைச் சூதாட்டச் சட்டமும் இருந்தது. செகந்திராபாத்தில் ஒரு பொழுதுபோக்கு மன்றத்தில் ரம்மி ஆடியவர்கள்மீது போடப்பட்ட வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், ரம்மி பெரும்பாலும் திறமை சார்ந்த ஆட்டம்தான் என்று 1967 நவம்பரில் தீர்ப்பானது. தீர்ப்பு ஆடியவர்கள் பக்கம்தான். ஆனாலும் மதியச் சாப்பாட்டுக்குப் பின் ஆடுகிற ஆட்டத்துக்காகக் கோர்ட்டுப் படி ஏற எந்த மேலாளர் விரும்புவார்?

சதுரங்கத்துக்கு அந்தக் களங்கம் இல்லை. ஆனால் இரண்டு பேர் குனிந்து உட்கார்ந்துவிட்டால் மற்ற எட்டுப் பேருக்கு அங்கே வேலை இல்லை. நல்ல ஆட்டம் என்றால் மணியடிக்கும்போது பாதியில் நிற்கும். மறுநாள் தொடரலாம் என்று விட்டுப்போன பலகையை, மாலையில் பெருக்க வருபவர் தூக்கி ஓரமாக வைத்துவிடுவார்.

கேரம் எங்கே பிறந்தது என்பதில் உறுதியான பேச்சு இல்லை. அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்து லடிங்டன் ஊரில் ஹென்றி ஹாஸ்கெல் என்ற ஞாயிறு பள்ளி ஆசிரியர் 1890களில் கேரம் என்ற பெயரிலேயே ஒரு பலகை செய்தார். பையன்கள் சூதாட்டமும் குடியும் நடக்கும் இடங்களுக்குப் போகாமல் இருக்க வீட்டிலேயே ஒரு பொழுதுபோக்கு வேண்டும் என்பது அவர் கவலை. மூலையில் வலை வைத்த அந்தப் பலகையும் வளையம் போன்ற அதன் காய்களும் நம்முடையவை போல இல்லை. ஆனால் அவருடைய கவலையும் சென்னை நல அலுவலரின் கவலையும் ஒரே ஜாதி. கெட்டுப்போக வழியில்லாத ஆட்டமாக இரண்டு இடத்திலும் இது தேறியது.

நம் பலகையை ஒரு பொருளாகவே கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டும். ஆடுகிற பரப்பு 74 சென்டிமீட்டர் சதுரம். சுற்றிலும் கெட்டி மரச்சட்டம். குழியின் விட்டம் 4.45 சென்டிமீட்டர். காய்கள் ஒன்பது வெள்ளை, ஒன்பது கறுப்பு, ஒரு ரெட்; ஒவ்வொன்றும் ஐந்து முதல் ஐந்தரை கிராம். ஸ்ட்ரைக்கர் 15 கிராமைத் தாண்டக் கூடாது. தந்தத்திலும் உலோகத்திலும் செய்த ஸ்ட்ரைக்கரை விதி ஒதுக்கியிருக்கிறது. இதில் உடையக்கூடியது என்று எதுவும் இல்லை. காய் ஒன்று தொலைந்தால் சட்டைப் பட்டனையோ சோடா மூடியையோ அந்த இடத்தில் வைத்து ஆட்டத்தை முடித்துவிடலாம், மாலையில் யாராவது புதுக்காய் வாங்கி வருவார்கள். குழிக்கடியில் கட்டிய வலை அறுந்தால் சணல் போதும். பலகையைக் கெடுப்பது ஒன்றே ஒன்றுதான்: ஈரம். மெல்லிய பிளைவுட் நடுவில் தொய்ந்து, காயெல்லாம் தானாக ஒரே பக்கம் சரிய ஆரம்பித்தால் அதை இனி மீட்க முடியாது. அதனால்தான் விவரம் தெரிந்த மன்றச் செயலாளர்கள் பலகை வாங்கும்போது மேற்பூச்சின் பளபளப்பை நம்புவதில்லை. கவிழ்த்துப் பார்த்து, பிளைவுட் எத்தனை மில்லிமீட்டர் என்று கேட்பார்கள். போட்டி விதி குறைந்தது எட்டு கேட்கிறது. பன்னிரண்டு, பதினாறு, இருபது வரை தடிமன் ஏறும். தடிமன் ஏற ஏற ஸ்ட்ரைக்கர் சட்டத்தில் மோதித் திரும்பும் வேகமும் சத்தமும் மாறும். எட்டு மில்லிமீட்டர் டொக்கென்று கேட்கும், இருபது கணீரென்று கேட்கும்.

மதியச் சாப்பாட்டோடு சேர்ந்து இந்தப் பலகைக்கு வரும் ஆபத்து தனி. நாம் கையால் சாப்பிடுகிறவர்கள். வத்தக்குழம்பு எண்ணெய் விரல்நுனியில் லேசாக ஒட்டியிருந்தாலும் ஸ்ட்ரைக்கருக்கு ஏறி, அங்கிருந்து பலகைக்கு இறங்கிவிடும். அப்புறம் அந்த இடத்தில் காய் தயங்கும். கழுவிய கையைத் துடைக்காமல் வந்தால் இன்னும் மோசம், தூவிய பவுடர் ஈரத்தில் குழைந்து பசையாகிவிடும். அதனால் எந்த அறிவிப்புப் பலகையிலும் எழுதாத ஒரு சட்டம் எல்லா மன்றத்திலும் இருந்தது: கழுவு, துடை, அப்புறம் தொடு. துடைப்பதற்கென்று பலகையின் ஆணியில் ஒரு துணி தொங்கும். சாப்பாட்டு மேஜைக்கும் கேரம் மேஜைக்கும் நடுவே நாலடியாவது இடைவெளி இருக்கும்.

அந்த பவுடர் பற்றியும் சொல்ல வேண்டும். முகத்துக்குப் போடும் பவுடரைத் தூவுகிறவர்கள் புதியவர்கள். பழகியவர்கள் மருந்துக்கடையில் போரிக் பவுடர் வாங்குவார்கள். கரப்பான் பூச்சிக்கு வைப்பதும் இதே சரக்குதான். போரிக் அமிலத்தின் படிகம் மெல்லிய தகடு தகடாக அடுக்கியது. தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கும். அதன்மேல் காய் விட்டால் பிடிமானமே இல்லாமல் ஓடும். அளவு மீறினால் பலகை வெளுத்து, கோடு மறைந்து, எல்லாருடைய கால்சட்டையும் வெள்ளையாகும். நவம்பர் மழையில் எவ்வளவு தூவினாலும் பலகை மந்தமாகத்தான் இருக்கும். தெருமுனை மன்றங்களில் பலகைக்கு நேர் மேலே தொங்கும் குண்டு பல்பு வெளிச்சத்துக்கு மட்டுமல்ல, அதன் சூட்டில் பலகை காயவும்தான்.

அரை மணி நேரக் கணக்குக்கு வருவோம். சாப்பிடப் பத்து நிமிடம். சுமாராக ஆடுகிற நான்கு பேர் ஒரு போர்டை, அதாவது ஒரு சுற்றை, ஏழெட்டு நிமிடத்தில் முடித்துவிடுவார்கள். ஆக, இரண்டு போர்டு உறுதி, அதிர்ஷ்டம் இருந்தால் மூன்று. தோற்ற ஜோடி எழுந்துகொள்ளும், நிற்பவர்களில் அடுத்த ஜோடி உட்காரும். ஆடுகிறவர்கள் நான்கு பேர் என்றால் சுற்றி நிற்கிறவர்கள் பத்துப் பேர், யோசனை சொல்கிறவர்கள் பதினான்கு பேர். யாருக்கும் எதையும் விளக்க வேண்டியதில்லை. நேற்று வேலைக்குச் சேர்ந்தவர்கூட வீட்டில் ஆடித்தான் வந்திருப்பார்.

எதிரெதிரே உட்காருகிறவர்கள் ஜோடி என்பதால் ஒரு வேடிக்கையும் நடந்தது. கண்காணிப்பாளரும் கடைநிலை ஊழியரும் கூட்டாளியாகவோ எதிரியாகவோ உட்கார நேர்ந்தது. காலையில் கோப்பை நீட்டியபோது வாய் திறக்காதவர், மதியம் "சார், கை கோட்டைத் தாண்டுது சார், எடுத்துட்டு மறுபடி வைங்க" என்பார். சாரும் எடுத்து வைப்பார். மரியாதைச் சொல் ஒன்றும் குறையவில்லை. விதி மட்டும் இரண்டு பேருக்கும் ஒன்றாக இருந்தது. அலுவலகத்தில் வேறெங்கே அப்படி இருந்தது?

ஆனால் அந்த விதிதான் இடத்துக்கு இடம் மாறியது. கறுப்புக்குப் பத்து, வெள்ளைக்கு இருபது, ரெட்டுக்கு ஐம்பது என்று எண்ணி ஆடுகிற இடங்கள் உண்டு. கறுப்பு ஒருவருக்கு, வெள்ளை ஒருவருக்கு என்று பிரித்து ஆடுகிற இடங்கள் உண்டு. ரெட்டைப் போட்டதும் அடுத்த அடியிலேயே இன்னொரு காயை ஃபாலோவாகப் போட வேண்டும் என்பதை எல்லாரும் ஒத்துக்கொள்வார்கள். ஸ்ட்ரைக்கரும் காயும் சேர்ந்தே குழியில் விழுந்தால் என்ன என்று கேட்டால் சண்டை வரும். கட்டைவிரலால் அடிக்கலாமா என்பது இன்னொரு சண்டை. அகில இந்தியக் கேரம் கூட்டமைப்பு 1956லேயே வந்துவிட்டாலும், உலகம் முழுவதற்குமான விதிப்புத்தகம் 1988இல்தான் அச்சானது. அந்த ஆண்டு பன்னாட்டுக் கேரம் கூட்டமைப்பு உருவானதே சென்னையில்தான். 25 புள்ளி அல்லது எட்டு போர்டு, எது முதலில் வருகிறதோ அதுவே ஒரு கேம், ஓர் அடிக்குப் பதினைந்து விநாடி, ரெட்டுக்கு மூன்று புள்ளி, 22ஐத் தொட்டபின் அதுவும் கிடையாது, கட்டைவிரலுக்கு அனுமதி. மதிய இடைவேளைக்காரர்கள் இதில் பதினைந்து விநாடியை மட்டும் ஆவலோடு எடுத்துக்கொண்டார்கள். குறிபார்த்தே நேரத்தைத் தின்கிற ஆசாமி எல்லா அலுவலகத்திலும் ஒருவர் இருந்தார்.

இதுவரை சொன்னது வேலையில் இருக்கிறவர்கள் விளையாட்டைத் தேடிய கதை. வடசென்னையில் கதை திரும்பி நடந்தது. வியாசர்பாடி, புளியந்தோப்பு, ராயபுரம், காசிமேடு பக்கத்துத் தெருக்களில் மைதானம் இல்லை. ஓர் அறையும் ஒரு பலகையும் இருந்தால் மன்றம் ஆரம்பித்துவிடலாம். ஒரே பலகையில் நாள் முழுக்க எத்தனையோ பேர் ஆடலாம். ஷூ வேண்டாம், சீருடை வேண்டாம். வெற்றிமாறன் 2018இல் எடுத்த வடசென்னை படத்தின் நாயகனைக் கேரம் ஆட்டக்காரனாக வைத்தது சும்மா அழகுக்காக அல்ல. சென்னையின் மரிய இருதயம் 1991இல் டெல்லியில் நடந்த முதல் உலகப் போட்டியில் பட்டம் வென்றார். 1995இல் மறுபடியும் வென்றார். 1996இல் அர்ஜுனா விருது வந்தது. கேரமுக்கு அந்த விருது கிடைத்தது அதுதான் முதல் முறை. வியாசர்பாடி இளவழகி 2008இல் பிரான்சின் கான் நகரில் உலகப் பட்டம் வென்றார்.

வென்றவர்களுக்கு என்ன கிடைத்தது? கிரிக்கெட் போலப் பரிசுப்பணம் இல்லை, ஒலிம்பிக் இல்லை, ஆசிய விளையாட்டும் இல்லை. கிடைத்தது வேலை. மத்திய அரசு விளையாட்டு ஒதுக்கீட்டில் ஆளெடுக்க வைத்திருக்கும் பட்டியலில் கேரமுக்கும் இடம் உண்டு. ரிசர்வ் வங்கி, எல்.ஐ.சி., ஏர் இந்தியா, விமான நிலைய ஆணையம், 1979இல் தொடங்கிய பெட்ரோலிய விளையாட்டு மேம்பாட்டு வாரியம் எனப் பல நிறுவனங்கள் கேரம் அணி வைத்திருந்தன. பாட்னாவின் ரஷ்மி குமாரியும் வியாசர்பாடி இளவழகியும் பெட்ரோலிய வாரியத்துக்காக ஆடியவர்கள். குமாஸ்தாக்கள் சோறு சாப்பிட்டபின் பொழுதுபோகாமல் தட்டிய பலகை, குமாஸ்தா வேலையே எட்டாத தெருக்களின் பிள்ளைகளுக்கு அதே அலுவலகத்தின் கதவைத் திறந்துவிட்டது. நல அலுவலர் யாரும் போட்ட திட்டம் அல்ல இது.

பக்கிங்ஹாம், கர்நாட்டிக் ஆலை 1996இல் மூடப்பட்டது. 2000ஆம் ஆண்டு தரமணியில் டைடல் பூங்கா திறந்தபின், அலுவலகச் சாப்பாட்டுக்கூடம் என்பதன் அர்த்தமே வேறானது. புதிய அலுவலகங்களில் டேபிள் டென்னிஸ் வந்தது, கம்பியில் கோத்த பொம்மைகளைச் சுழற்றி ஆடும் ஃபூஸ்பால் வந்தது. வெளிநாடு போய் வந்தவர்கள் பெட்டி பெட்டியாக ஆட்டங்கள் கொண்டுவந்தார்கள். 1995இல் ஜெர்மனியில் கிளாஸ் டாய்பர் உருவாக்கிய கேட்டான் அவற்றில் பேர்போனது. அருமையான ஆட்டம்தான். ஆனால் ஒரு மணி நேரத்துக்குக் குறையாது, புதியவருக்கு விதி சொல்லவே பத்து நிமிடம், அட்டையிலும் மரத்துண்டிலும் நூற்றுக்கும் மேற்பட்ட சில்லறைச் சாமான். இரண்டு மாதத்தில் ஆடு படம் போட்ட சீட்டுகளில் பாதி சாம்பார் பட்டிருக்கும். வார்த்தை சொல்லி ஊகிக்கும் கோட்நேம்ஸ் போன்றவை கால் மணியில் முடிந்துவிடுவதால் தாக்குப்பிடித்தன. கைபேசி வந்தபின் நான்கு பேர் ஒரே மேஜையில் உட்கார்ந்து தனித்தனித் திரையில் லூடோ ஆடுவதும் சகஜமாயிற்று. கைபேசியில் கேரமும் ஆடலாம். அதில் விரல் வலிக்காது, பவுடர் ஒட்டாது, பக்கத்தில் நின்று "கட் அடி, கட் அடி" என்று கத்துவதற்கும் ஆள் இருக்காது. இந்த மூன்றில் முதல் இரண்டைத் தலைமுறை தலைமுறையாகச் சகித்துக்கொண்டவர்கள் மூன்றாவதற்காகத்தான் சகித்துக்கொண்டார்கள் என்று தோன்றுகிறது.

2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த உலகப் போட்டியில், வடசென்னையின் ஆட்டோ ஓட்டுநர் ஒருவரின் மகள் காசிமா ஒற்றையர், இரட்டையர், அணி என மூன்று தங்கம் வென்றார். தமிழக அரசு ஒரு கோடி ரூபாய் பரிசு கொடுத்தது. கேரம் ஆட்டக்காரர்கள் அதுவரை கேள்விப்படாத தொகை. தேசியப் போட்டிகளின் ஆட்ட அட்டவணையிலோ பழைய ஏற்பாடு இன்னும் அப்படியே இருக்கிறது. மாநில அணிகளின் பெயர்களுக்கு நடுவே வங்கியும் காப்பீட்டுக் கழகமும் பெட்ரோலிய வாரியமும் மாநிலங்களைப் போலவே தனித்தனி வரியில் நிற்கும். ஒரே தெருவின் ஒரே பலகையில் பழகிய இருவர், வேலை கிடைத்தவர் ஒரு வரியிலும் கிடைக்காதவர் தமிழ்நாடு என்ற வரியிலுமாக, அங்கே எதிரெதிரே உட்கார நேரலாம்.